எம்ஜிபியின் டிஸ்ரிபியூட்டரை எறியலாமா, திருத்தலாமா?

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மாமா கொழும்பில் வைத்திருந்த 1966ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. காலையில் ஒழுங்காக ஸ்ராட் ஆகிறது. நின்ற இடத்தில் சீராக ஓடுவதில்லை, குலுங்குகிறது. ஏ9இல் ஓமந்தை தாண்டி அக்சிலேற்றரை அமத்தினால் விக்குகிறது. எஞ்சின் நன்றாகச் சூடானபின் புளியங்குளம், கனகராயன்குளம் பக்கம் போகும்போது வெட்டி வெட்டி ஓடுகிறது. இரண்டு காபரேட்டரையும் மூன்று தடவை கழற்றிப் பூட்டியாகிவிட்டது, பலனில்லை. கடைசியாகப் பார்த்த ஒருவர், "டிஸ்ரிபியூட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு எலக்ட்ரோனிக் ஒன்று போடு" என்று சொன்னாராம். எறிவதா, திருத்துவதா, திருத்துவதென்றால் வன்னியில் அதைச் செய்ய முடியுமா என்பதுதான் தம்பியின் கேள்வி.

எறியாதீர்கள் தம்பி. எந்தச் சிலிண்டருக்கு எப்போது பொறி போக வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதுதான் டிஸ்ரிபியூட்டர். உங்கள் காரில் இருப்பது லூக்காஸ் கொம்பனியின் 25டி4. திருத்தக்கூடிய பொருளாகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள், அதற்குள் திருத்த முடியாத பாகம் மிகக் குறைவு. அதோடு, அது எங்கள் பக்கத்துக்குப் புதிய சாமானும் இல்லை. எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜின் எஞ்சினும் ஒரே குடும்பம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாடகைக் காராக ஓடி ஓடித் தேய்ந்த அந்தக் கேம்பிரிட்ஜின் தம்பிதான் உங்கள் ஸ்போர்ட்ஸ் கார். மொறிஸ் மைனரும் தூரத்துச் சொந்தம்தான். இந்த டிஸ்ரிபியூட்டர்களைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய வயசாளிகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் அவர்களிடம் கொடுக்கும்போது ஒரு விசயத்தில் நீங்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். வெளியே பார்க்க எல்லா 25டி4உம் ஒன்றுபோல இருக்கும். உள்ளே ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு. அதைக் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன், இந்தப் பதிலில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

முதலில் இது செய்கிற வேலையின் அளவைப் பாருங்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது டிஸ்ரிபியூட்டர் அதில் பாதி, 1500 சுற்று. ஒரு சுற்றுக்கு நாலு பொறி. அப்படியென்றால் பொயின்ற், அதாவது மின்சாரத்தை வெட்டிப் பொறியை உண்டாக்கும் சின்ன சுவிட்ச், நிமிடத்துக்கு 6000 தடவை, செக்கனுக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. திறக்கிற இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. கிட்டத்தட்ட 0.4 மி.மீ. இவ்வளவு சின்ன இடைவெளியில் இவ்வளவு வேகமாக வேலை நடக்கும்போது, நடுவில் சுற்றும் ஷாஃப்ட் பக்கவாட்டில் நாலு ஐந்து தௌ ஆடினால் என்னவாகும் என்று யோசியுங்கள். ஒரு சிலிண்டருக்கு இடைவெளி 11, அடுத்ததற்கு 19. இடைவெளி கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். நாலு சிலிண்டருக்கும் நாலு விதமான ரைமிங், அதாவது பொறி விழும் நேரம், கிடைக்கும். காபரேட்டரை எத்தனை தடவை கழற்றினாலும் இது மாறாது. நின்ற இடத்தில் குலுங்குவதாக நீங்கள் சொல்வதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த சந்தேகம் ஷாஃப்டும் அதைத் தாங்கும் புஷ்ஷும்தான்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் செய்யக்கூடிய சோதனைகள் சில இருக்கின்றன. டிஸ்ரிபியூட்டரின் மூடியை எடுத்துவிட்டு, உச்சியில் சுற்றிப் பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துவிடும் ரோட்டரை விரலால் பிடித்து அது சுற்றுகிற திசையில் திருகிவிட்டு விடுங்கள். மேலே இருந்து பார்த்தால் உங்கள் எஞ்சினில் அது இடஞ்சுழியாகச் சுற்றும். கொஞ்சம் திரும்பி, கையை விட்டதும் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்கு வர வேண்டும். வராமல் அப்படியே நின்றால் உள்ளே இருக்கும் அட்வான்ஸ், அதாவது வேகம் ஏற ஏறப் பொறியை முந்தவைக்கும் பகுதி, இறுகிவிட்டது. பல வருசம் ஓடாமல் நின்ற கார்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அடுத்து ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பொயின்றைத் திறக்கும் கேமும் சேர்ந்து ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தாலே புஷ் போய்விட்டது என்று அர்த்தம்.

அப்புறம் வக்யூம், காபரேட்டரின் உறிஞ்சலால் பொறியை முந்தவைக்கும் பகுதி. காபரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாயைக் கழற்றி, ஒரு ரியூப்பைப் போட்டு வாயால் உறிஞ்சுங்கள். உறிஞ்சும்போது பொயின்ற் இருக்கும் தட்டு திரும்ப வேண்டும். நாக்கால் ரியூப்பின் வாயை அடைத்துப் பிடித்தால் தட்டு அப்படியே நிற்க வேண்டும். காற்று சும்மா வந்துகொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் தோல் கிழிந்திருக்கிறது. பழைய கார்களில் பத்தில் ஏழு எட்டு இப்படித்தான் என் கைக்கு வந்திருக்கின்றன. தோல் கிழிந்தால் கார் ஓடும். ஆனால் ஏ9 மாதிரி நேர் றோட்டில் கால் லேசாக வைத்து ஓடும்போது எஞ்சினுக்குக் கிடைக்க வேண்டிய முந்திய பொறி கிடைக்காது, பெற்றோல் வீணாக எரியும். கூடவே காற்றும் அந்த வழியாகக் களவாய் உள்ளே போகும்.

நான்காவது சோதனை, உங்கள் விக்கலுக்கு நேராகப் பொருந்துவது. பொயின்ற் தட்டிலிருந்து டிஸ்ரிபியூட்டர் உடம்புக்கு ஒரு சின்னப் பின்னல் கம்பி போகும். அது தட்டுக்கான எர்த், மின்சாரம் உடம்புக்குப் போகும் வழி. வெளியிலிருந்து பொயின்றுக்கு வரும் கம்பியும் அதேபோல மெல்லியது, வளையக்கூடியது. வக்யூம் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் இந்த இரண்டும் வளைந்து நிமிரும். ஐம்பது அறுபது வருசம் வளைந்தால் உறைக்குள்ளேயே இழை இழையாக அறுந்துவிடும். வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே இரண்டு இழைதான் மிச்சம்.

எங்கள் வீட்டுக் கேம்பிரிட்ஜில் இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பமாகப் போகிறோம். மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு றோட்டில் ஒட்டுசுட்டான் வரை ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு அக்சிலேற்றரை அமத்தினால் எஞ்சின் செத்துப் போகும், காலை எடுத்தால் உயிர் வரும். அப்பா காபரேட்டரில் அழுக்கு என்றார், பெரியப்பா பெற்றோல் பம்ப் என்றார். றோட்டோரப் பாலை மர நிழலில் இரண்டு மணித்தியாலம். கடைசியில் வழியில் போன ஒரு உழவு இயந்திரச் சாரதிதான் மூடியைத் திறந்து அந்தப் பின்னல் கம்பியை விரலால் தூக்கிக் காட்டினார். கையோடு வந்தது. எர்த்துக்கு ஒரு துண்டு ஒயரை முறுக்கிக் கட்டிவிட்டு, பூசைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். அந்த மனிதரின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை என்பது இன்றைக்கும் மனதில் ஒரு குறை. ஆகவே தம்பி, நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அந்த இரண்டு கம்பியையும் மாற்றுவது. போடும் ஒயர் மெல்லிய இழைகள் நிறைந்ததாக, துவளக்கூடியதாக இருக்க வேண்டும். வீட்டு மின்சார வேலைக்கான விறைத்த ஒயரைப் போட்டால் ஒரு மாதத்தில் மறுபடியும் அறும்.

சூடானபின் வெட்டுவதற்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று கொண்டென்சர். பொயின்ற் திறக்கும் கணத்தில் அங்கே நெருப்புத் தாவாமல் தடுப்பது அதுதான். அது பலவீனமானால் பொயின்றில் நீலமாகப் பொறி பறக்கும், பிளக்கில் பொறி மங்கும். இந்த டிஸ்ரிபியூட்டருக்கு 0.2 மைக்ரோஃபரட் அளவில் இருக்க வேண்டும். மீற்றர் வைத்திருக்கும் ரேடியோக் கடைக்காரர் யாரும் அளந்து தருவார். ஆனால் குளிர்ந்திருக்கும்போது சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் கைவிடுகிற கொண்டென்சர்கள் நிறைய. வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒரு பொலித்தீன் பையில் கட்டி வைத்துச் சூடாக்கி, அப்புறம் அளந்து பாருங்கள். இப்போது வருகிற புதுக் கொண்டென்சர்களில் நம்பிக்கை வைக்க முடியாதவை பல. ஓடிக்கொண்டிருக்கும் பழையது நல்லதென்று தெரிந்தால், பொயின்ற் மாற்றும்போது சேர்த்து அதையும் மாற்றாதீர்கள்.

மற்றது ரோட்டர். இதைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றுவதில்லை. பார்க்க ஒரு துண்டு பிளாஸ்ரிக், மேலே பித்தளை. பிற்காலத்தில் செய்த பல ரோட்டர்களில் அந்தப் பித்தளையைப் பிடிக்க ஒரு ரிவெட் அடித்திருக்கிறார்கள். ரிவெட்டின் அடிக்கும் கீழே இருக்கும் ஷாஃப்டுக்கும் இடையில் பிளாஸ்ரிக் மெல்லியதாகிவிடுகிறது. சூடு ஏறினால் பல்லாயிரம் வோல்ட் அந்த வழியாகத் துளைத்து எர்த்துக்கு இறங்கிவிடும். பிளக்குக்குப் போக வேண்டியது ஷாஃப்டுக்குப் போகிறது. சோதிப்பது சுலபம். மூடியை எடுத்துவிட்டு, உயர்ந்த வோல்ட்டைத் தரும் கொயிலிலிருந்து வரும் தடித்த ஒயரின் நுனியை ரோட்டரின் பித்தளைக்கு மேலே 3 மி.மீ. தூரத்தில் உலர்ந்த மரக் கவ்வியால் பிடியுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். சுவிட்சைப் போட்டு, பொயின்றை ஒரு மரக்குச்சியால் திறந்து திறந்து விடுங்கள். பொறி ரோட்டருக்குத் தொடர்ந்து கொழுத்த பொறியாகப் பாய்ந்தால் ரோட்டர் ஓட்டை. வாங்கும்போது ரிவெட் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ரிவெட்டைக் கண்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

சரி, இனிக் கழற்றுவதைப் பார்ப்போம். முதலாம் சிலிண்டர் வெடிக்கும் நிலைக்கு எஞ்சினைக் கொண்டுவந்து, ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டிஸ்ரிபியூட்டரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைத் தளர்த்தாதீர்கள். கிளாம்ப் தட்டை எஞ்சினோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டை மட்டும் கழற்றித் தட்டோடு முழுசாக வெளியே எடுங்கள். பூட்டும்போது ரைமிங் பழைய இடத்துக்கே கிட்டத்தட்ட வந்து நிற்கும். உடம்பு அலுமினியம், எஞ்சின் இரும்பு. பல வருசம் சேர்ந்து இருந்தால் பிடித்துப்போயிருக்கும். சுத்தியலால் அடித்தால் உடையும். எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்து, அடுத்த நாள் மெல்லத் திருகித் திருகி எடுங்கள்.

மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். உள்ளே இருக்கும் வாஷர்கள் ஒவ்வொன்றும் அவசியமானவை, நிலத்து மண்ணில் விழுந்தால் கிடைக்காது. மேலே இருந்து கீழே ரோட்டர், பொயின்ற், கொண்டென்சர், பொயின்ற் தட்டு, அதற்குக் கீழே இரண்டு எடைத் துண்டும் இரண்டு ஸ்பிரிங்கும் என்ற வரிசையில் வரும். கேமின் தலைக்குள் ஒரு ஸ்குரூ இருக்கும், அதைக் கழற்றினால் கேம் ஷாஃப்டிலிருந்து மேலே வரும். இறுகியிருந்தால் சூடும் எண்ணெயும் பொறுமையும் போதும். பிளையர் போட்டு கேமின் முகத்தைக் கீறிவிட்டீர்கள் என்றால் அந்தக் கீறல் பொயின்றின் குதியை, அதாவது கேமில் உரசும் நுனியை, அரம் மாதிரித் தேய்க்கும்.

கீழ் நுனியில் இருக்கும் நாயைக் கழற்றும் முன்னால் நிறுத்துங்கள். எஞ்சினுக்குள் கொளுவிச் சுற்றுகிற அந்தத் துண்டைக் கராச்சில் நாய் என்றுதான் நாங்கள் சொல்வது. அதை ஒரு பின் ஷாஃப்டோடு பிடித்திருக்கும். நாயின் பல் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளி இருக்கும், டிஸ்ரிபியூட்டர் ஒரே ஒரு விதமாக மட்டும் எஞ்சினுக்குள் இறங்குவதற்காக. நாயை மாறித் திருப்பிப் பூட்டினால் ரோட்டர் நேரெதிர்ப் பக்கம் பார்க்கும், எஞ்சின் ஸ்ராட் ஆகாது. 2004இல் நான் ஒரு மைனருக்கு இதைச் செய்துவிட்டு ஒரு முழுப் பகலையும் பிளக் ஒயர்களைப் பார்ப்பதில் செலவழித்தேன். ஆகவே பின்னை அடிப்பதற்கு முன் நாயிலும் ஷாஃப்டிலும் ஒரே நேர்கோட்டில் ஒரு கீறல் போட்டு வையுங்கள்.

புஷ் வேலை லேத்காரரிடம் போக வேண்டும். இங்கேதான் தவறு நடக்கிறது. லூக்காஸ் போட்ட புஷ் கட்டி வெண்கலம் இல்லை. வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது, எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசியவிடும். எங்கள் வீட்டு மண்பானை தண்ணீரை வைத்திருக்கும் விதம்தான். அப்படிப்பட்ட புதுப் புஷ் கிடைத்தால், போடுவதற்கு முன் எஞ்சின் ஒயிலில் ஒரு நாள் முழுக்க மூழ்க வைக்க வேண்டும். அவசரம் என்றால் ஒயிலை 100 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி இரண்டு மணித்தியாலம் வைத்து, ஒயிலோடு சேர்த்தே ஆற விட்டு எடுக்கலாம். போட்டபின் உள்ளே ரீமர் விட்டுக் கடையக் கூடாது. கடைந்தால் துளைகள் அடைபட்டுப் போகும், புஷ் காய்ந்துவிடும். ஷாஃப்டுக்குப் பொருந்துகிற அளவில், மினுக்கிய ஒரு கம்பியை உள்ளே விட்டு அதோடு சேர்த்து அழுத்திப் போட்டால் அளவு தானாகச் சரியாக நிற்கும். இதை லேத்காரரிடம் வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். மிக நல்ல கைக்காரர்கூடப் பழக்கத்தில் ரீமரை எடுத்துவிடுவார்.

அந்தப் புஷ் கிடைக்கவில்லை என்றால் கட்டி வெண்கலத்தில் கடைந்து போடலாம். நான் பல தடவை செய்திருக்கிறேன், நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் உள்ளே சுருளாக ஒரு எண்ணெய்க் காடி வெட்ட வேண்டும், இடைவெளியும் ஒரு தௌ அளவுக்கு விட வேண்டும். ஷாஃப்டையும் நன்றாகப் பாருங்கள். புஷ் உட்காரும் இடத்தில் நகத்தால் தடவினால் படி தட்டுப்பட்டால் ஷாஃப்டும் தேய்ந்துவிட்டது. தேய்ந்த ஷாஃப்டுக்குப் புதுப் புஷ் போடுவது பொத்தல் குடத்துக்கு மூடி தேடுகிற வேலை. இந்த இடத்தில்தான் பழைய கேம்பிரிட்ஜ் டிஸ்ரிபியூட்டர் உங்களுக்கு உதவும்.

ஆகவே, முன்னுக்குச் சொன்ன அந்தக் குணத்தின் கதைக்கு வருகிறேன். எடைத் துண்டுகளும் ஸ்பிரிங்குகளும் சேர்ந்து, எஞ்சின் வேகம் ஏற ஏறப் பொறியை எவ்வளவு முந்தவைக்க வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றுபோல இருக்காது. ஒன்று மெல்லியது, தொடக்கத்திலிருந்தே இழுக்கும். மற்றது தடித்தது, அதன் வளையம் கொஞ்சம் நீளமாகத் தளர்ந்து இருக்கும், வேகம் ஒரு அளவுக்கு ஏறியபின்தான் வேலைக்கு வரும். அதைத் தளர்ந்துபோன ஸ்பிரிங் என்று நினைத்து வளையத்தை நெருக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படியே விட வேண்டும், தம்பி. கேமின் அடித்தட்டில் ஒரு எண் அடித்திருக்கும். 10 என்று இருந்தால் டிஸ்ரிபியூட்டரில் 10 பாகை, எஞ்சினில் அதன் இரு மடங்கு 20 பாகை முந்தும். வக்யூமின் உடம்பிலும் இப்படி எண்கள் இருக்கும். 5-13-10 என்றால், 5 அங்குலப் பாதரச அளவு உறிஞ்சலில் தொடங்கி, 13இல் முடிந்து, மொத்தம் 10 பாகை நகர்த்தும். இதுவும் டிஸ்ரிபியூட்டர்ப் பாகைதான். உடம்பின் பக்கத்தில் அடித்திருப்பது மொத்த டிஸ்ரிபியூட்டரின் எண். உங்கள் காலத்து எம்ஜிபிக்கு 40897 என்று வர வேண்டும். அதற்குப் பக்கத்தில் செய்த வாரமும் ஆண்டும் இருக்கும்.

கேம்பிரிட்ஜில் இந்த எண்கள் வேறு. வேகத்தோடு பொறி முந்தும் கணக்கை வளைவு என்போம். அமைதியாக ஆட்களையும் சாமானையும் ஏற்றிப்போகிற காருக்கு ஒரு வளைவு, வேகமாகச் சுற்றவென்று செய்த காருக்கு இன்னொரு வளைவு. கேம்பிரிட்ஜின் டிஸ்ரிபியூட்டரை அப்படியே எம்ஜிபியில் போட்டால் கார் ஓடும், ஆனால் அது எம்ஜிபியாக ஓடாது. ஆகவே பழைய இரும்புக் கடையில் 25டி4 ஒன்று கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். வாங்கி, அதன் உடம்பு, ஷாஃப்ட், பொயின்ற் தட்டு, மூடிக் கிளிப் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கேம், இரண்டு ஸ்பிரிங், வக்யூம் ஆகியவை உங்கள் பழையதிலிருந்தே வர வேண்டும். எறியச் சொன்னவருக்கு இது தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் எறிவதாக இருந்தது அந்தக் காருக்கென்றே செய்த கேமையும் ஸ்பிரிங்கையும்.

பொயின்ற் பூட்டும்போது ஒரு சின்ன இடம் பலரைக் குழப்பும். பழைய விதமான பொயின்றில் கம்பத்தின் மேல் ஒரு தொப்பி மாதிரியான பிளாஸ்ரிக் வாஷர் வரும். கொண்டென்சர் ஒயரும் வெளி ஒயரும் அந்தத் தொப்பியின் கழுத்தைச் சுற்றி, பொயின்றின் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டு உட்கார வேண்டும். கம்பத்தைத் தொடக்கூடாது. தொட்டால் எல்லாம் எர்த், ஒரு பொறியும் வராது. புதுப் பொயின்றின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், பெற்றோல் துணியால் துடையுங்கள். கேமின் உச்சியில் குதி நிற்கும்போது 15 தௌ வையுங்கள். கேமுக்கு ஒரு பொட்டு கிறீஸ், தலைக்குள் இருக்கும் ஸ்குரூவுக்கு இரண்டு துளி ஒயில். அதற்கு மேல் வேண்டாம், கூடினது பறந்து பொயின்றில் ஒட்டும்.

ரைமிங்குக்கு ஒரு 12 வோல்ட் பல்ப் போதும். டிஸ்ரிபியூட்டரின் வெளி ஒயருக்கும் எர்த்துக்கும் இடையில் கட்டுங்கள், சுவிட்சைப் போடுங்கள். பொயின்ற் திறக்கும் கணத்தில் பல்ப் எரியும். உங்கள் எஞ்சினுக்கு மேல் மையத்துக்கு 10 பாகை முன்னால் அது எரிய வேண்டும். உடம்பை வலஞ்சுழியாகத் திருப்பினால் முந்தும். ஓடும் எஞ்சினில் ரைமிங் பார்க்கும் ஸ்ரோப் லைற் வைத்திருப்பவர் கிடைத்தால் வக்யூமைக் கழற்றிவிட்டு 600 சுற்றில் 14 பாகை இருக்கிறதா என்று பாருங்கள். பொறி போகும் வரிசை 1-3-4-2.

இதில் இன்னொன்று. உங்கள் எஞ்சினின் கொம்பிரசன், அதாவது பெற்றோல் கலவையை நெருக்கும் விகிதம், 8.8க்கு 1. எங்கள் 92 ஒக்டேன் பெற்றோலுக்கு அது கொஞ்சம் கூடுதல். கிடைத்தால் 95 போடுங்கள். 92தான் கிடைக்கும் என்றால், ஏற்றத்தில் நாலாம் கியரில் இழுக்கும்போது கிண்கிண் என்று சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வந்தால் டிஸ்ரிபியூட்டரின் பக்கத்தில் இருக்கும் குமிழை ஆர் எழுத்துப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பின்னுக்குத் தள்ளுங்கள். வன்னியில் ஏற்றம் எங்கே என்று கேட்கலாம். 50 கிலோமீற்றர் வேகத்தில் நாலாம் கியரில் சட்டென்று அமத்தினாலும் கேட்கும்.

மண்ணெண்ணெய்க் காலத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. பொருளாதாரத் தடை இருந்த 1990களில் பெற்றோல் எங்கள் பக்கம் அருமருந்து. சின்னப் போத்தலில் இருக்கும் பெற்றோலை விட்டு ஸ்ராட் ஆக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அப்படித்தான். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு, நொக்கிங் என்கிற அந்தக் கிண்கிண் சத்தம் பயங்கரமாக வரும். ஆகவே எல்லாரும் ரைமிங்கை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தோம். 2002இல் பாதை திறந்து பெற்றோல் வந்தபிறகும் பல கார்கள் அதே ரைமிங்கிலேயே ஓடின, அதுதான் சரி என்று கை பழகிவிட்டது. என் கராச்சுக்கு வந்து, இழுவை இல்லை, சூடாகிறது என்று சொன்ன எத்தனையோ மைனரை டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி மட்டுமே சரிசெய்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் காரை இங்கே ஒரு பழைய கையிடம் கொடுத்தால் அவர் காதால் ரைமிங் வைப்பார். அவருடைய காதை நான் மதிக்கிறேன், ஆனாலும் அப்புறம் பல்ப் போட்டுப் பாருங்கள்.

எலக்ட்ரோனிக் பற்றியும் கேட்டீர்கள். பொயின்றுக்குப் பதிலாக உள்ளே வைக்கும் சின்னப் பெட்டியை நான் வெறுக்கவில்லை. தினமும் ஓடுகிறவருக்கு வசதிதான். ஆனால் அட்வான்ஸ் இறுகியிருந்தால், வக்யூம் கிழிந்திருந்தால், ஷாஃப்ட் ஆடினால், அது எதையும் குணப்படுத்தாது. முதலில் திருத்துங்கள், பிறகு வேண்டுமானால் போடுங்கள். போடுவதாக இருந்தால் உங்கள் 1966 கார் பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனை உடம்போடு சேர்ந்தது, என்பதை மறக்க வேண்டாம். யாராவது இடையில் மாற்றியிருக்கலாம், பற்றரியில் எந்த முனை உடம்போடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மாறிக் கொடுத்தால் அந்தப் பெட்டி ஒரு கணத்தில் போய்விடும். இரவு எட்டு மணிக்கு முறிகண்டியில் பெட்டி செத்தால் அதைத் திறந்து பார்க்க ஒன்றும் இல்லை. பொயின்ற் என்றால் ஒரு துண்டு அரத்தாளோடு வீடு வந்து சேரலாம். நான் என் காரில் பொயின்றோடுதான் ஓடுகிறேன்.

பராமரிப்பில் எங்கள் காலநிலையைப் பார்க்க வேண்டும். சோளகக் காற்றுக் காலத்தில் கிரவல் றோட்டுத் தூசி எல்லா இடுக்கிலும் ஏறும். மூடியின் உள்பக்கத்தையும், நடுவில் இருக்கும் சின்னக் கரித் துண்டையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். அந்தக் கரி ஸ்பிரிங்கோடு உள்ளே வெளியே அசைய வேண்டும். ஐப்பசியில் மாரி தொடங்குவதற்கு முன் மூடியை வெயிலில் பிடித்து உற்றுப் பாருங்கள். பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் அங்கே வழி போட்டுவிட்டது, துடைத்தாலும் போகாது, மூடியை மாற்ற வேண்டும். மழை இரவில் பொனற்றைத் திறந்து, விளக்கு ஒன்றும் இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். கசிகிற ஒயர் நீலமாக மினுங்கும். பக்கவாட்டில் ஒயர் நுழைந்து உள்ளே பித்தளை ஸ்குரூ குத்திப் பிடிக்கிற மூடி உங்களுடையது என்றால், செப்புக் கம்பி உள்ள ஒயர்தான் போட வேண்டும். கரி நூல் உள்ள புதுவித ஒயரில் அந்த ஸ்குரூவுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. புதுசாக ஒயர் மாற்றிய பிறகுதான் கார் வெட்டத் தொடங்கியது என்று வந்த இரண்டு பேருக்கு நான் கண்டது இதுதான்.

5000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை இடைவெளியைப் பாருங்கள், ஒயில் துளியை விடுங்கள். காரில் ஒரு தகர டப்பாவில் அளந்து பார்த்த கொண்டென்சர் ஒன்று, பொயின்ற் ஒரு சோடி, ரிவெட் இல்லாத ரோட்டர் ஒன்று, அந்தப் பின்னல் கம்பி ஒரு சாண், ஃபீலர் கேஜ் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, மூடியைத் திறந்து அந்த நாலு சோதனையையும் செய்வது. கம்பி இரண்டையும் மாற்றியதும் விக்கல் போய்விடலாம், அப்போது புஷ் வேலையை அடுத்த மாரிக்கு முன் ஆறுதலாகச் செய்யலாம். உடம்பில் அடித்திருக்கும் எண்ணையும், வக்யூமில் இருக்கும் மூன்று எண்ணையும், கேமின் அடித்தட்டு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். யாராவது இடையில் வேறு காரின் பாகத்தைப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன். ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் கவலைப்பட வேண்டாம், என்னிடம் கேம்பிரிட்ஜ் உடம்பு இரண்டு இருக்கிறது, ஒன்றின் ஷாஃப்ட் இன்னும் நகத்தில் படி தட்டவில்லை.